இன்னொருக்கால்

பின்பக்கம் திறந்த அந்த நீலச் சட்டையின் கயிறுகள் ஒன்றையொன்று எட்டவில்லை. தவமலர் குளியலறைக்குள் நின்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் இழுத்துப் பார்த்தாள். நடுவில் ஒரு சாண் வெறுமை விட்டுக்கொடுக்காமல் நின்றது. வெளியே நின்ற நேர்ஸ் பிள்ளை துருக்கி மொழியில் ஏதோ கேட்டாள், பதில் வராமல் போகவே மெல்ல எட்டிப் பார்த்தாள், சிரித்தாள், ஓடிப்போய் இன்னொரு சட்டையை எடுத்துவந்து அதை முன்பக்கம் திறந்திருக்கும்படி கோட்டுப் போல மேலே போட்டுவிட்டாள். கேலிச் சிரிப்பில்லை அது. கேலியென்றால் கோபப்படலாம், கோபம் வந்தால் கொஞ்ச நேரமாவது நிமிர்ந்து நிற்கலாம். இது பழகிப்போன சிரிப்பு, வருகிற எல்லாருக்கும் சிரிக்கிற சிரிப்பு. வருகிற எல்லாருக்கும் இப்படித்தான் என்றால் பெரிய சட்டையாகத் தைத்து வைத்தால் என்ன, இங்கே வருகிறவர்கள் உடம்பைக் குறைக்கத்தானே வருகிறார்கள், இத்தனை படித்தவர்களுக்கு இது தோன்றவில்லையா என்று நினைத்துக்கொண்டே கட்டிலில் ஏறினாள். ஏறிக் காலை நீட்டி, போர்வையை இழுத்து மூடியபிறகுதான் அடுத்த நினைப்பு வந்தது. இதுதான் அந்தப் பெரிய சட்டையோ.

கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் கேதீஸ்வரன் தன் குளிர்க்கோட்டை மடியில் வைத்துக்கொண்டு, விளங்காத துருக்கி ரீவியை விளங்கியவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் ஒப்பரேசனுக்கு முதல் ஆள் நீங்கள்தான் என்று மொழிபெயர்ப்புக்கு வருகிற பிள்ளை செய்னெப் சொல்லியிருந்தாள். பிறகு வந்து, இன்னொருவரைக் கொண்டுபோய்விட்டார்கள், அடுத்தது நீங்கள் என்றாள். அதற்குப் பிறகு வரவேயில்லை. ஜன்னலுக்கு அப்பால் கூரை விளிம்பில் ஒரு கடற்பறவை நின்றது, லண்டனில் குப்பைப் பைகளைக் கிழிக்கிற அதே சாதி. கேதீஸ் எழும்பினார், சோம்பல் முறித்தார், ஜன்னலைப் பார்த்தார். "இஞ்சரும், நான் ஒருக்கா கீழ போய் நடந்திட்டு வரட்டே? கால் விறைச்சுப் போச்சு." "போட்டு வாங்கோ" என்றாள். அவருக்குக் கால் விறைக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். சீனி வருத்தக்காரர், குளிசை போட்டால் சாப்பிட வேண்டும், நேற்று இரவு முதல் அவளுக்குத் தண்ணீரும் இல்லை என்பதால் அவரும் அறைக்குள் வாயைத் திறக்கவில்லை. ஒப்பரேசனுக்கு முன்னர் ஈரல் சுருங்க வேண்டும் என்று அவளைத் தண்ணிச் சாப்பாட்டில் விட்ட நாள் தொடங்கி அவர் இப்படித்தான். லண்டனில் தங்கள் கடைக்குப் பின்னால் சாமான் அடுக்குகிற அறைக்குள், தகரப்பேணிகளுக்கு நடுவில், கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டார். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து கல்லாவில் நின்றார். அவளுக்கோ ஐந்து அடி தூரத்திலேயே இன்றைக்கு முட்டைப்பொரியல், இன்றைக்கு நேற்றையான் மீன்குழம்பும் பாணும் என்று பிரித்துச் சொல்ல முடிந்தது. மனிசன் தனக்காகத்தான் ஒளிக்கிறது, அதில் பிழையில்லை, இரக்கம்தான். ஆனால் இரக்கத்தை ஏன் கதவு சாத்திக் காட்ட வேண்டும். ஒரு பாண் துண்டைப் பார்த்தால் பாய்ந்து பறிப்பாள் என்றா. பறிக்க மாட்டாளா. பறிக்காவிட்டாலும் பார்த்துக்கொண்டிருப்பாள், அந்தப் பார்வையை அவரால் தாங்கேலாது, அதுதான். அவள் சாப்பிடுகிறதை அவர் பார்ப்பதில்லை, அவர் சாப்பிடுகிறதை அவள் பார்ப்பதில்லை, ஒரே மேசையில் எத்தனை வருசமாக இருவரும் ரீவியைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள், அது எப்போது தொடங்கியது.

முதல் ஒப்பரேசனுக்குப் பிறகு தொடங்கியதா, அல்லது கரைந்த உடம்பு திரும்பிவந்த பிறகா. திரும்பி வந்தது என்றுதான் அவள் தனக்குள் சொல்லிக்கொள்வாள், ஊருக்குப் போன ஆள் திரும்பி வந்ததுபோல. முதல் தடவை எவ்வளவு நம்பிக்கை. லண்டன் ஆஸ்பத்திரியில் வரிசையில் காத்திருந்து, வகுப்புகளுக்குப் போய், மென்று விழுங்கப் பழகினாள். பிளாஸ்டிக் இரைப்பையைக் கையில் தந்து காட்டினார்கள்: இவ்வளவு பையை வெட்டி எறிந்துவிட்டு இவ்வளவு குழாயை மட்டும் விடுவோம். வாழைப்பழத்தின் அளவு. அன்றைக்கு அந்தப் பிளாஸ்டிக் சாமானைக் கையில் வைத்திருந்தபோது, வெட்டி எறிகிற அந்தப் பெரிய துண்டில்தான் தன்னுடைய எல்லாப் பிரச்சினையும் கிடக்கிறது, அதைக் குப்பையில் போட்டுவிட்டால் சரி என்று எவ்வளவு நிச்சயமாக நினைத்தாள். போட்டார்கள். உடம்பு கரைந்தது. உண்மையாகவே கரைந்தது, அது பொய்யில்லை. ஒருநாள் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இருந்தபோது கழுத்துக்குக் கீழே கை தற்செயலாகப் பட்டது, ஏதோ கட்டி வந்துவிட்டதென்று பயந்து, மற்றப் பக்கமும் தடவிப் பார்த்தாள், அங்கேயும் அதே மாதிரி. எலும்பு. காறை எலும்பு. நாற்பத்தொரு வயதில் தன்னுடைய எலும்பை முதன்முதலாகத் தொட்டவள் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் தடவிக்கொண்டே போனாள். பிளவுஸ் எல்லாம் உள்ளே பிடித்துத் தைத்தாள். கோயிலில் பெண்கள் சுற்றி நின்று என்ன செய்தனீங்கள், சொல்லுங்கோவன் என்று கேட்டார்கள். சோறு விட்டனான், நடக்கிறனான் என்றாள். ஆண்கள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதுவரைக்கும் அவள் முகத்தில் அடிக்கிறமாதிரிக் கதவு மூடியவர்கள்தான், அதே ஆட்கள், அதே கதவு. சந்தோசப்பட்டாள், இல்லையென்று சொல்லேலாது. ஆனால் அந்தச் சந்தோசத்துக்குக் கீழே ஒரு குளிர் ஓடிக்கொண்டிருந்தது. அப்ப இவ்வளவு காலமும் என்னை நீங்கள் காணவேயில்லையோ என்று கேட்கத் தோன்றும், கேட்காமல் நன்றி சொல்லிவிட்டு உள்ளே போவாள்.

இடது கையில் ஊசி குத்திய இடம் விறுவிறுத்தது. நரம்பு அகப்படாமல் மூன்று இடத்தில் குத்திவிட்டு, கடைசியில் புறங்கையில் பிடித்துப் பிளாஸ்ரர் ஒட்டியிருந்தார்கள். திரும்பி வந்ததைக் கவனிக்கவில்லை என்று சொன்னால் டொக்டர்மார் நம்பமாட்டார்கள். கவனிக்கத்தான் இல்லை. சோறு ஒரு கரண்டிக்கு மேல் போனால் நெஞ்சுக்குள் கல்லு மாதிரி நின்றுகொள்ளும், இறைச்சி என்றால் ஓடிப்போய்ச் சத்தி எடுக்க வேண்டும். ஆனால் ஐஸ்கிறீம் போனது. சொக்கிளேற் கரைந்து போனது. தேத்தண்ணியில் நனைத்த பிஸ்கற் ஒரு தடையும் சொல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. கல்லாவுக்குப் பின்னால் காலையிலிருந்து மாலைவரை ஒரு ஸ்ரூலில் இருக்கிறவளுக்கு, உடைந்த பைக்கற்றுகளை விற்கேலாது என்று பக்கத்தில் போட்டு வைக்கிற கடையில் இருக்கிறவளுக்கு, நல்ல சாப்பாட்டை மறித்துப்போட்டுக் கெட்ட சாப்பாட்டுக்கு மட்டும் வாசல் திறந்துவிட்ட அந்தக் குழாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது. இல்லை, குழாயில் பழி போடக்கூடாது. கை அவளுடைய கை. கையை எந்த ஒப்பரேசனில் குறைப்பது. ஆட்கள் வந்து போவார்கள், சிகரெற், பால், லொத்தர் ரிக்கற், ஒருவர் போய் மற்றவர் வருகிற இடைவெளியில் கை தானாகப் போகும். பசியா என்று கேட்டால் பசியில்லை. கவலையா என்று கேட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. அந்த இடைவெளியில் ஏதோ ஒன்று கீழே விழுந்துகொண்டிருக்கிறமாதிரி இருக்கும், கை அதைப் பிடிக்கப் போகும், பிடித்தால் அது பிஸ்கற்றாக இருக்கும். அவ்வளவுதான். மோதிரம் இறுகியது. தராசைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். பிறகு நெஞ்செரிவு வந்தது. படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு ஏறும். மூன்று தலையணை வைத்து இருந்தபடி தூங்கிப் பழகினாள். கேதீஸ் இருமல் சத்தத்தில் நித்திரை கெடுகிறது என்று மகளின் அறைக்குப் போனார். மகள் அதற்கு முன்பே வீட்டைவிட்டுப் போய்விட்டாள்.

அது என்ர முதல் மனிசி. இந்த வசனம் எப்போதும் இப்படித்தான், ஒரு காரணமும் இல்லாமல், வேறு எதையோ நினைத்துக்கொண்டிருக்கும்போது வந்து நிற்கும். கல்லாவுக்கு மேலே, பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் மெலிந்திருந்த காலத்து அவளுடைய படம் ஒன்று தொங்குகிறது: மச்சாளின் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டில் எடுத்தது, மயில்நீலச் சேலை, கழுத்தெலும்பு தெரிகிறது, சிரிக்கிறாள். கேதீஸ்தான் பெருப்பித்துச் சட்டம் போட்டு மாட்டினார். ஒருநாள் வழக்கமாகச் சிகரெற் வாங்க வருகிற வெள்ளைக்காரன், புதிதாகக் கண்டவன் போல, அது ஆர் என்று கேட்டான். அவள் அந்தப் படத்துக்கு நேர் கீழே இருக்கிறாள். கேதீஸ் பாலை அடுக்கிக்கொண்டே சொன்னார், அது என்ர முதல் மனிசி. வெள்ளைக்காரன் சிரித்தான். கேதீஸ் சிரித்தார். அவளும் சிரித்தாள், அதுதான், அவள்தான் எல்லாரையும்விடக் கூடச் சிரித்தாள், மிச்சக் காசைக் கொடுக்கும்போதும் சிரித்துக்கொண்டிருந்தாள். பகிடிதான். கெட்ட மனிசன் இல்லை. முப்பது வருசத்தில் மொத்தம், குண்டு என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. வந்திருந்தால் நல்லது, சண்டை பிடித்திருக்கலாம். அந்தப் பகிடியைப் பற்றி இருவரும் பிறகு கதைக்கவில்லை. படத்தையும் கழற்றவில்லை. கழற்றினால் அது ஒரு கதை, கழற்றாவிட்டால் அது இன்னொரு கதை. முதல் மனிசி மேலே இருந்து பார்த்துக்கொண்டிருப்பாள், இரண்டாம் மனிசி கீழே பிஸ்கற்றை எடுப்பாள். இப்போது இந்தக் கட்டிலில் கிடக்கிறது ஆர், மூன்றாம் மனிசிக்கு இடம் பிடிக்க வந்தவளோ.

தொலைபேசி துடித்தது. மகள் ஆரணி. "அம்மா, சாப்பிட்டீங்களா?" என்றாள் வாய்ப்பழக்கத்தில், எடுத்தவுடன் எப்போதும் கேட்கிறதுபோல. "ஐயோ சொறி அம்மா. சொறி." "பரவாயில்லைப் பிள்ளை." "இன்னும் கூட்டிக்கொண்டு போகேல்லையா?" "இல்லை. ஆரோ முன்னுக்குப் போயிருக்கினம்." "அப்பா எங்க?" "நடக்கப் போட்டார்." "அம்மா, நான் திரும்பச் சொல்லேல்ல, ஆனா, நீங்க இருக்கிற மாதிரியே எனக்கு ஓகேம்மா. நெஞ்செரிவுக்கு வேற மருந்து இருக்கு." "தெரியும் குஞ்சு." நீங்க இருக்கிற மாதிரியே. பிள்ளை அன்பாகத்தான் சொல்கிறாள், ஆனால் அது ஓட்டை விழுந்த கூரையைப் பார்த்து இதுவே போதும் என்கிறமாதிரி அல்லவா இருக்கிறது. ஆரணிக்கும் இப்போது கன்னம் ஊதி வருகிறது. போன தைப்பொங்கலுக்கு வந்தபோது அவள் இரண்டாம் தரம் பொங்கல் போட்டாள், தவமலர் ஒன்றும் சொல்லவில்லை, கடவுளே, ஒரு வார்த்தை சொல்லவில்லை, கரண்டியைப் பார்த்தாள், அவ்வளவுதான். ஆரணி போட்டதைத் திரும்பச் சட்டிக்குள் தட்டிவிட்டு எழும்பிப் போனாள். அந்தப் பார்வை எங்கிருந்து வந்தது என்று தவமலருக்குத் தெரியும். அது கோயிலில் தன்னைச் சுற்றி நின்ற பெண்களின் பார்வை, ஆஸ்பத்திரித் தராசுக்குப் பக்கத்தில் நிற்பவர்களின் பார்வை. அதைத் தன் கண்ணுக்குள் கொண்டுபோய்த் தன் பிள்ளையின் தட்டில் வைத்தாள். அதை வெட்டி எடுக்கிறதற்கு எந்த நாட்டில் ஆள் இருக்கிறது. "அம்மா? இருக்கிறீங்களா?" "ஓம், இருக்கிறன்." "முடிஞ்ச உடன அப்பாவ எடுக்கச் சொல்லுங்கோ." "ஓம்." இன்னும் ஏதோ சொல்ல வேண்டும் என்று இருவரும் காத்திருந்து, பிறகு ஆரணி வைத்தாள்.

ஏதாவது நடந்துவிட்டால். போன வருசம் ஒரு பிள்ளை, இரண்டு குழந்தைகளின் தாய், வெளிநாட்டில் எங்கேயோ செய்துவிட்டு வந்து தையல் கசிந்து போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று கோயிலில் கதைத்தார்கள். கதைத்தவர்கள் செத்ததற்குப் பரிதாபப்பட்டதைவிட, எதற்காகச் செத்தாள் என்பதற்குத்தான் வாயில் கை வைத்தார்கள். வருத்தத்தில் போனாள் என்று சொல்லலாம், அக்சிடென்ற் என்று சொல்லலாம், சாப்பாட்டை நிறுத்தேலாமல் போனாள் என்று எப்படிச் சொல்வது. அதனால்தான் இந்த முறையும் ஒருவருக்கும் சொல்லவில்லை. இஸ்தான்புல் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். நேற்று முன்தினம் அந்தப் பெரிய பள்ளிவாசலுக்கு முன்னால் நின்று படமும் எடுத்தார்கள். கேதீஸ் தூர நின்று எடுத்தார், இன்னும் தூரப் போனார், அவள் சின்னதாகி, பள்ளிவாசல் பெரிதாகும்வரை போனார். படம் முகநூலில் கிடக்கிறது, வடிவான இடம், குடுத்து வைச்சனீங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். செத்தால் சுற்றுலாப் போன இடத்தில் செத்தாள் என்றாகும். அதுவும் நல்லதுதான். நல்லதா. அறையின் திறந்த கதவுக்கு வெளியே, மருந்துப் போத்தல் தொங்குகிற சில்லுக் கம்பியைத் தள்ளிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரி மெல்ல நடந்தாள். விமான நிலையத்திலிருந்து ஒரே வான் வண்டியில் வந்தவள், மொறீன், லீட்ஸ் பக்கம். அவளுக்கு இது மூன்றாவது. முதலில் இரைப்பைக்குப் பட்டி போட்டதாம், பிறகு வெட்டினதாம், இந்த முறை குடலை மாற்றுகிறதாம். வண்டியில் வரும்போது அதை ஊர்ப் பெயர்கள் சொல்வதுபோலச் சொன்னாள், பட்டி செக் நாட்டில், வெட்டு இங்கே, இனி என்னவோ தெரியாது என்று சிரித்தாள். இப்போது கதவடியில் நின்று தவமலரைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. சரியாகிவிடும் என்று அவள் சொல்லவில்லை. தவமலரும் கேட்கவில்லை. பிறகு சில்லுகள் கிறீச்சிட்டுக்கொண்டு போயின.

கேதீஸ் வந்தார். அவருடைய மீசையில் இரண்டு எள்ளு ஒட்டியிருந்தது. எள்ளுப் போட்ட வளையப் பாண், கீழே வாசலில் தள்ளுவண்டியில் விற்கிறார்கள். அவள் பார்க்காதமாதிரி ஜன்னலைப் பார்த்தாள். எதற்கென்று தெரியாமல் கண் கலங்கியது. இந்த மனிசன் இரண்டு எள்ளையும் துடைக்க மறந்து எவ்வளவு அவசரமாக விழுங்கியிருப்பார், நின்றபடி, குளிரில், திருடன் மாதிரி. அதற்குள் டொக்டர் வந்துவிட்டார். பின்னால் செய்னெப். நரைத்த புருவம், களைத்த கண், நல்ல மனிசன் போலத்தான் தெரிந்தது. போர்வையை விலக்கி வயிற்றில் ஊதா நிறப் பேனையால் ஐந்து இடத்தில் புள்ளி வைத்தார். அந்தப் பரப்பில் புள்ளிகள் வரைபடத்தில் தொலைந்துபோன ஊர்கள்போலத் தூரத் தூரக் கிடந்தன. பிறகு நிமிர்ந்து, துருக்கியில் நீளமாகச் சொன்னார். செய்னெப் அதை ஆங்கிலத்தில் கேதீஸுக்குச் சொன்னாள்: ஸ்கான் படங்களைத் திரும்பப் பார்த்தாராம், பழைய தையல் ஈரலோடு ஒட்டிக் கிடக்கிறது போலத் தெரிகிறதாம், பிரிக்கும்போது கிழியக்கூடும், கிழிந்தால் ஆபத்து, உள்ளே போய்ப் பார்த்துச் செய்யக்கூடியதாக இருந்தால் செய்வார், இல்லாவிட்டால் எதையும் தொடாமல் வெளியே வந்துவிடுவார், சம்மதமா. கேதீஸ் தலையாட்டிக் கேட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "உள்ள கொஞ்சம் ஒட்டிப் போயிருக்காம். பார்த்துச் செய்யினமாம்." துருக்கியில் அவ்வளவு பெரிதாகக் கிளம்பியது தமிழுக்கு வந்து சேரும்போது இவ்வளவுதான். முப்பது வருசம் கடையில் நிற்கிறவளுக்கு ஆங்கிலம் விளங்கும் என்பது அவருக்கு எப்போதும் மறந்துபோகும். "எனக்கு விளங்கினது" என்றாள். டொக்டரைப் பார்த்து, யெஸ் என்றாள். அவர் அவளுடைய பாதத்தைப் போர்வைக்கு மேலால் ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார்.

செய்னெப்பும் போனபிறகு கேதீஸ் கதிரையில் இருக்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்றார், இரும்புக் கம்பியைப் பிடித்தார், விட்டார். "மலர்" என்றார். பெயர் சொல்லிக் கூப்பிட்டு எவ்வளவு காலம். "வேண்டாமெண்டா வெளிக்கிடுவம்." அவள் அவருடைய மீசையைப் பார்த்தாள். "உண்மையாத்தான் சொல்லுறன். உடுப்பை மாத்தும். ரக்சி பிடிச்சுப் போவம்." "போய்?" "வீட்ட போவம்." "வீட்ட போய்?" அவர் திரும்பவும் இரும்புக் கம்பியைப் பிடித்தார். "பேந்து என்ன செய்யிறது?" என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை, உண்மையாகவே அவரிடம் பதில் இருக்கக்கூடும் என்றுதான் கேட்டாள். இப்படி ஒரு வார்த்தை வராதா என்று முதல் ஒப்பரேசனிலிருந்து ஒன்பது வருசமாக, இல்லை, அதற்கும் முன்பிருந்து காத்திருந்தவள் அல்லவா. வந்துவிட்டது. வந்தபிறகு பார்த்தால் அதற்குள் ஒன்றுமில்லை. பாவம், அவர் பயந்துபோய் நிற்கிறார், பயத்தில் வந்த வார்த்தை, அவளுடைய உடம்பு வேண்டுமென்று வந்ததில்லை, அவளுடைய பிரேதம் வேண்டாமென்று வந்தது. இரண்டும் ஒன்றில்லையா. ஒன்றுதானோ. போய் அந்த ஸ்ரூலில் ஏறி இருக்கலாம், மூன்று தலையணை வைக்கலாம், மேலே மயில்நீலச் சேலைக்காரி சிரிக்கலாம். இங்கேயே இருந்தால் கிழியலாம், அல்லது கிழியாமல் ஒட்டலாம், ஒட்டினால் ஒரு வருசம், இரண்டு வருசம் எலும்பைத் தடவலாம், பிறகு அந்த இடைவெளி, பிறகு கை. எப்படிப் போனாலும் அந்தக் கை அங்கே காத்திருக்கிறது. "மீசையில எள்ளு" என்றாள். கேதீஸ் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சில்லுக் கட்டில் வந்தது. தாவி ஏறச் சொன்னார்கள்; மூன்று பேர் பக்கத்தில் நின்று பிடித்தார்கள், ஒருவன் மூச்சை இழுத்துப் பிடித்தது அவளுக்குக் கேட்டது. கூரை விளக்குகள் ஒவ்வொன்றாகக் கடந்தன. கேதீஸ் கொஞ்சத் தூரம் கூட நடந்துவந்தார், ஒரு கதவடியில் அவரை நிறுத்திவிட்டார்கள், திரும்பிப் பார்க்க முடியவில்லை, தலைக்குப் பின்னால் எங்கேயோ நின்றார். உள்ளே குளிர். இறைச்சிக்கடைக் குளிர் என்று நினைத்து, அப்படி நினைக்கக்கூடாது என்று நினைத்தாள். ஒரு பெண் முகத்தருகே குனிந்து, மூடிக்கட்டிய வாய்க்கு மேலே கண்களால் சிரித்து, நெற்றியைத் தடவினாள். அம்மா காய்ச்சலுக்குத் தடவுகிறமாதிரி இருந்தது. இப்படியே தடவிக்கொண்டிருந்தால் போதும், வெட்ட வேண்டாம், இதற்கென்று ஒரு ஆஸ்பத்திரி இருந்தால் அதற்கு வந்திருப்பேன், எவ்வளவு தூரமென்றாலும், தடவுங்கோ பிள்ளை, இன்னும் கொஞ்ச நேரம், முகத்தில் எதையோ வைக்கிறார்கள், றப்பர் மணக்கிறது, ஆரணிக்கு நான் சொல்ல நினைத்தது அதில்லை, கரண்டியை நான் பார்த்தது

ஆரோ முனகினார்கள். எரிச்சலாக இருந்தது, பக்கத்துக் கட்டிலில் இருக்கிற ஆளை ஏன் ஒருவரும் கவனிக்கவில்லை என்று நினைத்தாள். பிறகு அது தன் வாய் என்று தெரிந்தது. வலது தோளில் குத்து, வயிற்றில் அல்ல, தோளில். முதல் தடவையும் இப்படித்தான், உள்ளே ஊதிய காற்று போகும்வரை தோள் குத்தும் என்று சொன்னார்கள். அப்படியானால் முடிந்துவிட்டது. உயிரோடு முடிந்துவிட்டது. ஜன்னலில் வெயில் மஞ்சளாகச் சரிந்திருந்தது. கையைப் போர்வைக்குள் விட்டு வயிற்றில் ஒட்டியிருந்த பிளாஸ்ரர்களை மெல்லத் தடவினாள். அவள் கூப்பிடாமலே அது வந்தது, அந்தப் பழைய நம்பிக்கை, வெட்கம் கெட்டது, காலையில் இருந்து எங்கே கிடந்ததோ. இனி மட்டமாகப் படுத்துத் தூங்கலாம். ஒரே தலையணை. கல்லாவில் வேறு ஆளை இருக்கவிட்டுவிட்டு நடக்கப் போகலாம். ஆரணியின் வீட்டுக்குப் போய் அவளுக்குப் பொங்கிப் போட்டு, அவள் சாப்பிடுகிறதை முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். இந்த முறை கவனமாக இருப்பேன், இந்த முறை வேறு, இந்த முறை எனக்குத் தெரியும். கேதீஸ் கதிரையைக் கிட்ட இழுத்துக்கொண்டு வந்தார். "நோகுதே?" "கொஞ்சம். முடிஞ்சுதோ?" அவர் அவளுடைய கையை எடுத்து, ஊசி இல்லாத பக்கமாகப் பிடித்துக்கொண்டார்.

"செய்யேல்லை" என்றார். "எல்லாம் ஒட்டிக் கிடக்காம். ஈரலும் பையும் ஒண்டாப் போச்சாம். ஒரு இடத்தில பிரிச்சுப் பார்க்க இரத்தம் வந்ததாம். காணும், இனிப் போதுமெண்டு விட்டிட்டு மூடிட்டினம்." அவள் கண்ணை மூடினாள். அழுகை வரும் என்று இருவரும் காத்திருந்தார்கள். வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளுக்கு வந்தது வேறொன்று, பெயர் சொல்லத் தெரியாத ஒரு இளக்கம்: சரி, இனி இல்லை. இனி ஒருவரும் வெட்டமாட்டார்கள், இனித் தராசு இல்லை, இனிக் காத்திருக்க ஒன்றுமில்லை. ஏலாது என்று உடம்பே சொல்லிவிட்டது. போகிற வரைக்கும் இந்த உடம்பு, இதற்குள்ளேதான் இருப்பது, இருந்துவிட்டுப் போவது. பள்ளிக்கூடத்தில் சோதனை இல்லை என்று அறிவித்த நாள்போல இருந்தது. அப்படியே கிடந்தாள். கூரை விளிம்பில் இப்போது பறவைகள் ஒன்றுமில்லை. எங்கேயோ சில்லுகள் உருண்டன, ஆரோ துருக்கியில் சிரித்தார்கள். கேதீஸ் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தார். "ஆரணிக்கு எடுத்துச் சொன்னனான்" என்றார். "அழுதவள். பிறகு, அம்மா இருக்கிறாதானே, அது காணும் எண்டவள்." "ம்." "நாளையண்டைக்கு விடுவினமாம். வீட்ட போவம் மலர். போய் எப்பிடியோ பாப்பம். மருந்து எடுப்பம். நானும் சோத்தைக் குறைக்கிறன்." அவள் தலையாட்டினாள். பிறகு, சொல்லாமல் விட்டால் பிழை என்று நினைத்தவர் போல, ரீவியைப் பார்த்தபடி சொன்னார்.

"டொக்டர் ஒண்டு சொன்னவர். அங்காராவில ஒரு புரொபசர் இருக்கிறாராம். இப்பிடி ஒட்டிப்போன ஆக்களைத்தான் அவர் கனக்கப் பாக்கிறவராம். நெஞ்சுப் பக்கத்தால போய்ச் செய்யிறதாம். அதுவும் சரிவருமெண்டு நிச்சயமில்லையாம், முதல்தரத்தைவிட ஆபத்தாம். நான் சொல்லிப்போட்டன், வேண்டாம், என்ர மனிசியை இனி ஒருத்தரும் தொட வேண்டாமெண்டு. சரிதானே நான் சொன்னது?"

சரி என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். உதடு காய்ந்து ஒட்டியிருந்தது, பிரிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. கேதீஸ் அவளுக்குத் தண்ணீர் தேவையென்று நினைத்து, நனைத்த பஞ்சை எடுத்துக்கொண்டு குனிந்தார். அவள் முகத்தைத் திருப்பிப் பஞ்சை விலக்கினாள்.

"அங்காராவுக்கு எப்ப வரட்டாம்?" என்று கேட்டாள்.